350 என்றால் ஒரு சிங்கி இறாலுக்கு என்று நினைத்துவிட்டேன்

போன பிப்ரவரியில் தாய்லாந்தின் பூக்கெட் தீவுக்குப் போனேன். கூட வருவதாக இருந்த தோழிக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. டிக்கெட் காசு போய்விடுமே என்று நான் மட்டும் கிளம்பினேன். நாற்பத்தொரு வயதில் முதல் முறையாகத் தனியாக ஒரு வெளிநாடு. அங்கே ஒரு கடற்கரைக் கடையில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததில் ஆரம்பித்த சிக்கல், கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியையும் முழுசாக ஒரு பகலையும் தின்றுவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்ததும் அலுவலகத்தில் இருவர் அடுத்த மாதம் தாய்லாந்து போவதாகச் சொன்னார்கள். அவர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

நான் தூத்துக்குடிக்காரி. அப்பா வாரம் இரண்டு நாள் மீன் இறங்குதளத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் எவ்வளவு புதுசு என்று சொல்லத் தெரியும். அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது. கடல் சாப்பாடு நமக்குத் தெரியாததா என்று, வேறு எதற்கெல்லாமோ இணையத்தில் தேடியவள், இதற்கு மட்டும் தேடவே இல்லை.

கடை தீவின் கிழக்குக் கரையில் இருந்தது. மரத்தூண்களை நட்டு, பலகை போட்டு, தண்ணீருக்கு மேலேயே மேசைகள். ஏசி கிடையாது, மேசைவிரிப்பு கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலி, ரோல் டிஷ்யூ, மேலே மஞ்சள் பல்பு. பத்தடி தள்ளி நீளவால் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. பார்த்ததும் இது சாதாரணக் கடை, விலையும் சாதாரணமாகத்தான் இருக்கும் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தின் கடற்கரைக் கடைகளில் நாற்காலியைப் பார்த்து விலையை எடைபோடாதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலிக் கடையிலும் உயிர் இறால் உயிர் இறால் விலைதான்.

வாசலில் வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள். நண்டு, புலி இறால், கொடுவா மீன், அப்புறம் லாப்ஸ்டர் எனப்படும் சிங்கி இறால். பூக்கெட்டின் சிங்கி இறாலுக்கு ‘ஏழு நிறச் சிங்கி’ என்று பெயர். நிஜமாகவே பச்சையும் நீலமும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும். எங்கள் ஊரில் சிங்கி பெரும்பாலும் ஏற்றுமதிக்குத்தான் போகும், நாங்கள் தின்பது அபூர்வம். தொட்டியின் மேல் ஒரு சின்னக் கரும்பலகை. அதில் 350 என்று சாக்பீஸில் பெரிதாக எழுதியிருந்தது. பக்கத்தில் பொடியாக ஏதோ தாய் எழுத்து. அன்றைய கணக்கில் ஒரு பாட் ஏறக்குறைய இரண்டரை ரூபாய். 875 ரூபாய்க்கு ஒரு சிங்கியா, இதை விட்டால் எப்போது சாப்பிடுவது என்று தோன்றியது. புலி இறால் தொட்டியில் 150. அதுவும் ஒரு தட்டு என்றே எடுத்துக்கொண்டேன். பரிமாறும் பையன், “பிக் ஒன், குட் ஒன்?” என்று கேட்டான். தலையாட்டினேன். சின்ன வலையை விட்டுப் பெரிய சிங்கி ஒன்றைத் தூக்கி, வால் படபடவென்று அடிக்க, பின்பக்கம் கொண்டுபோய்விட்டான்.

அந்தப் பொடி எழுத்துதான் எல்லாமே. அதை ‘கீட்’ என்று படிக்க வேண்டும். தாய்லாந்துச் சந்தைகளில் ஒரு கீட் என்றால் 100 கிராம். எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அடையாளம் வைத்துக்கொள்ளலாம். இரண்டே எழுத்து, முதல் எழுத்தின் தலையில் கூரை போல ஒரு குறி. எண்ணுக்குப் பக்கத்தில் அது நின்றால், எழுதியிருக்கும் விலையைப் பத்தால் பெருக்கினால்தான் கிலோ விலை. கறி, மீன் போன்றவற்றுக்கு அந்த ஊர்க்காரர்கள் பல இடங்களில் இப்படி விலை எழுதுவதுண்டு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அவர்கள் வழக்கம் அது. நாம் அறியாமல் போய் நிற்பதுதான் ஆபத்து. ஆங்கில மெனு கொடுக்கும் கடைகளிலும் ஓரத்தில் ‘100 கிராமுக்கு’ என்று கடுகளவில் போட்டிருப்பார்கள். சில இடங்களில் விலையே இருக்காது, ‘சந்தை விலை’ என்று மட்டும் இருக்கும். அப்படி இருந்தால் அன்றைய விலையை வாய் திறந்து கேட்டே ஆக வேண்டும். ‘கீட் ல தாவ்ராய்?’ என்றால் 100 கிராம் எவ்வளவு. ‘கிலோ ல தாவ்ராய்?’ என்றால் கிலோ எவ்வளவு. பெண்கள் கடைசியில் ‘கா’ என்றும் ஆண்கள் ‘கிராப்’ என்றும் சேர்த்துக்கொண்டால் மரியாதை. கால்குலேட்டரை எடுத்து நீட்டினால் அவர்களே எண்ணைத் தட்டிக் காட்டிவிடுவார்கள்.

சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். கொடுவா மீனை எலுமிச்சைச் சாற்றில் பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு அவித்து, மீன் வடிவிலேயே செய்த ஒரு தகரத் தட்டில், அடியில் நெருப்போடு கொண்டுவந்து வைத்தார்கள். அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தபோது அம்மா வைக்கும் புளியில்லாக் குழம்பு ஞாபகம் வந்தது. இறாலைக் கரியில் சுட்டிருந்தார்கள். தொட்டுக்கொள்ள பச்சை நிறத்தில் ‘நாம் ஜிம்’ என்கிற காரச் சட்னி. சிங்கியைப் பிளந்து பூண்டு போட்டு வறுத்திருந்தார்கள், பாதிதான் தின்ன முடிந்தது. எதிர்நாற்காலி காலியாக இருந்தது மட்டும் உறுத்தியது. எடை வைத்து விற்கும் கடைக்குத் தனியாகப் போவது எப்போதுமே நஷ்டம். அங்கே எல்லாமே நாலு பேருக்கான அளவு.

இடையில் ஒரு தட்டு ரத்தச் சிப்பியும் சொல்லியிருந்தேன். தாய் மொழியில் ‘ஹோய் கிரேங்’. கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்துவிடுவார்கள். ஓட்டைத் திறந்தால் உள்ளே ரத்தச் சிவப்பில் சாறு நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் அதைத்தான் ருசி என்பார்கள். பக்கத்து மேசைக் குடும்பம் தின்பதைப் பார்த்து ஆசைப்பட்டுச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு தின்றிருப்பேன். இதற்கு அப்புறம் வருகிறேன்.

பில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டில் வந்தது. 6,909. முதலில் 690 என்றுதான் கண் படித்தது. மறுபடி பார்த்தேன். சிங்கி 1.3 கிலோ, 4,550. இறால் 400 கிராம், 600. மீன் 450, சிப்பி 150, சோறு 40, இளநீர் 80. இதுவே 5,870. அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 7 சதவீதம் வாட் வரி. நான் மனசில் போட்டு வைத்திருந்த கணக்கு 1,220 பாட். காதெல்லாம் சூடாகிவிட்டது. கையில் 3,400 பாட் இருந்தது. கல்லாவில் இருந்த அம்மாவிடம் போய் 350 என்றுதானே எழுதியிருந்தது என்று கேட்டேன். அவர் பலகையைக் காட்டி, அந்தப் பொடி எழுத்தை நகத்தால் தட்டினார். கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் என்னை மேலும் நடுங்க வைத்தது. பாஷை தெரியாது, கூட ஆள் இல்லை, பின்னால் இருட்டுக் கடல். அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் அழுதேன்.

அப்போது ஏதோ ஒரு புண்ணியத்தில் ஹோட்டல் அறைக் கதவின் பின்னால் ஒட்டியிருந்த எண் ஞாபகம் வந்தது. 1155, சுற்றுலாப் போலீஸ். தாய்லாந்து போகிறவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே இதைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். எடுத்தவர் ஆங்கிலத்தில் பேசினார், பொறுமையாகக் கேட்டார். அவர் என்னைக் கேட்ட நாலு கேள்விகளும் அப்படியே மனசில் நிற்கின்றன. விலை எழுதி வைத்திருந்ததா? எடையை உங்கள் கண் முன்னால் போட்டார்களா? பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கிறதா? சர்வீஸ் சார்ஜ் பற்றி மெனுவில் எங்காவது போட்டிருக்கிறதா? விலை எழுதியிருந்தது. பில்லும் சரி. எடையை நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. மெனுவைப் புரட்டினேன், சர்வீஸ் சார்ஜ் பற்றி ஒரு வரியும் இல்லை. போனை அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். இரண்டு நிமிடம் பேசினார்கள். சர்வீஸ் சார்ஜை அடித்துவிட்டு 6,281 என்று புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். எடையைப் பற்றி எதுவும் செய்ய முடியவில்லை. சிங்கி அதற்குள் பாதி என் வயிற்றில், பாதி ஓடாகத் தட்டில். அது 1.3 கிலோவா, ஒரு கிலோவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊருக்கு வந்தபின் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கேயே சொல்கிறேன். தாய்லாந்தில் பொருள், சேவை விலை பற்றி 1999-இல் கொண்டுவந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி கடைக்காரர் விலையை எழுதிக் காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் 10,000 பாட் வரை அபராதம். நியாயமில்லாத அளவுக்கு விலை ஏற்றி விற்றால் 1,40,000 பாட் வரை அபராதம், ஏழு வருடம் வரை சிறைகூட உண்டு. புகார் சொல்ல உள்நாட்டு வணிகத் துறையின் எண் 1569. தராசு, எடைக்கல் விவகாரமும் அந்தத் துறையின் கீழ்தான். அதாவது விலையே எழுதாத கடையில் உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. எழுதியிருந்து நீங்கள் படிக்காமல் விட்டால் இல்லை. என் கதை இரண்டாவது வகை. அதனால்தான் பலகையை ஒரு போட்டோ எடுத்துவிட்டு ஆர்டர் சொல்லுங்கள் என்கிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்த மீனையும் தராசின் எண்ணோடு சேர்த்து ஒரு போட்டோ. யாரும் தப்பாக நினைப்பதில்லை, சுற்றுலா வந்தவர்கள் எதைத்தான் போட்டோ எடுப்பதில்லை.

பணம் போதவில்லை. கார்டு மெஷின் வேலை செய்யவில்லை என்றார்கள். பரிமாறும் பையன் மோட்டார் சைக்கிளில் ஏடிஎம்முக்குக் கூட்டிப்போனான். ராத்திரி பத்தேகாலுக்கு, தெரியாத ஊரில், தெரியாத பையனின் வண்டிக்குப் பின்னால். அவன் நல்ல பையன், வழியெல்லாம் ‘சாரி’ என்றே சொல்லிக்கொண்டு வந்தான். ஆனாலும் அந்த ஐந்து நிமிடம் என் உயிர் என்னிடம் இல்லை. வீட்டுக்காரரிடம் இதை இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. ஏடிஎம்மில் 5,000 பாட் எடுத்தேன். வெளிநாட்டுக் கார்டுக்கு என்று அந்த ஊர் வங்கி 220 பாட் பிடித்தது. அதோடு திரையில், உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றிக் கழிக்கட்டுமா என்று ஒரு கேள்வி வந்தது. ரூபாயில் தொகையைப் பார்த்தால் மனசுக்குத் தெம்பாக இருக்குமே என்று சரி என்று அமுக்கிவிட்டேன். அது தப்பு. நான் வங்கியில் வேலை பார்க்கிறவள், மற்ற நாளாக இருந்தால் செய்திருக்கவே மாட்டேன். அங்கே சரி என்றால் அந்த மெஷின்காரர்கள் வைப்பதுதான் மாற்று விகிதம். வேண்டாம் என்று அமுக்கினால் நம் வங்கியின் விகிதத்தில் போகும், பெரும்பாலும் அதுதான் மலிவு. 5,220 பாட்டுக்கு என் கணக்கில் 14,100 ரூபாய் போயிருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் சும்மா தொலைந்தது.

சிப்பிக்கு வருகிறேன். விடிகாலை நாலு மணிக்கு வயிறு முறுக்கியது. அதற்கப்புறம் காலை பத்து மணிக்குள் எத்தனை தடவை குளியலறைக்குப் போனேன் என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் அந்தத் தரையிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டேன். டைல்ஸின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது மட்டும் இதமாக இருந்தது. செத்துக் கிடந்தால்கூட அறையைச் சுத்தம் செய்ய வரும்போதுதான் தெரியும் என்று தோன்றியது. அந்தச் சிப்பிதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் முந்தின நாள் நான் தின்றதில் வேகாதது அது ஒன்றுதான். சிப்பி வகைகள் கடல்நீரை வடிகட்டித் தின்று வாழ்கிறவை. அந்த நீரில் இருக்கும் கிருமியும் அதன் உடம்பில் சேரும். வைரஸ் காமாலையும் இந்த வழியில் வரலாம். சில நொடிக் கொதிநீர் அதற்குப் போதாது. பச்சை ஆயிஸ்டர், மீன் சாஸில் ஊறவைத்த பச்சை இறால், வேகாத நீல நண்டு போட்ட பப்பாளி சாலட் எல்லாம் இதே கணக்குத்தான். அந்த ஊர்க்காரர் வயிறு வேறு, நம் வயிறு வேறு என்பது ஒரு பக்கம். தனியாகப் போகிறவர் இந்தப் பந்தயத்தைக் கட்டவே கூடாது என்பது என் திடமான கருத்து. தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

பத்தரைக்கு ரிசப்ஷனுக்குப் போன் செய்தேன். அங்கே இருந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். எல்லாரும் அவரைப் ‘பீ’ என்று கூப்பிடுவார்கள், நாம் அக்கா, அண்ணன் என்பது போல. மேலே வந்து என் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் பார்மசிக்குப் போய்வந்தார். உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட்டுகள், இன்னும் ஒரு மாத்திரை, எல்லாம் 340 பாட். தாய்லாந்தில் இந்தப் பொடி இரண்டு வகையாக விற்கிறது என்று அவர்தான் சொன்னார். ஓஆர்எஸ் என்று போட்டிருப்பது வயிற்றுப்போக்குக்கு. ஓஆர்டி என்று போட்டிருப்பது உடற்பயிற்சி செய்து வியர்த்தவர்களுக்கு, அதில் சர்க்கரை அதிகம், வயிற்றுப்போக்கில் குடித்தால் இன்னும் மோசமாகலாம். பாக்கெட் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. நானாகக் கடைக்குப் போயிருந்தால் கைக்கு வந்ததை எடுத்திருப்பேன். சாயங்காலம் வரை வாந்தி நிற்காவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 1669 என்று ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. நான் பயணக் காப்பீடு எடுக்கவில்லை. அன்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அன்றைக்குத்தான் தகுவாபாவுக்குக் கார் பேசி, 1,800 பாட் முன்பணம் கட்டியிருந்தேன். பூக்கெட்டுக்கு வடக்கே பாங்ஙா மாகாணத்தில் இருக்கிற ஊர். ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த இடம். அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதாகச் சொல்லும் கல்வெட்டு. கல் இப்போது நக்கோன் சி தம்மராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அங்கே போக எனக்கு நாள் இல்லை. அந்த மண்ணிலாவது கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரலாம் என்று மாதக்கணக்கில் ஆசைப்பட்டிருந்தேன். பில்லுக்குப் போன பணத்தைவிட இதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் இருபதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக இழந்திருக்கிறேன். அது திரும்பச் சேர்ந்துவிடும். அந்த நாள் சேராது.

கிளம்புவதற்கு முந்தின நாள் உடம்பு தேறியது. கடல் சாப்பாடே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ரிசப்ஷன் அக்கா விடவில்லை. தீவின் தெற்கே ரவாய் போ என்றார். எப்படிக் கேட்க வேண்டும் என்று நாலு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார், தமிழில் எழுதிக்கொண்டேன். ரவாயில் கடலோரமாக ‘சாவ் லே’ என்கிற கடல்வாழ் மக்களின் குடியிருப்பு இருக்கிறது. அதன் முன்னால் வரிசையாக மீன் கடைகள், எதிர்ப்பக்கம் சமைத்துக் கொடுக்கும் கடைகள். இங்கே வாங்கி அங்கே கொடுத்தால் கிலோவுக்கு 100 பாட் கூலி வாங்கிக்கொண்டு சமைத்துத் தருகிறார்கள். குறைவாக எடுத்துப் போனாலும் ஒரு தட்டுக்கு 100 என்றார்கள். வாங்குவது ஒருவரிடம், சமைப்பது இன்னொருவரிடம் என்பதால் எடையும் விலையும் அடுப்புக்குப் போகும் முன்பே முடிந்துவிடுகின்றன. எனக்கு அதுதான் பெரிய நிம்மதியாக இருந்தது.

முதல் கடையில் இறால் கிலோ 900 என்றார்கள். நகர்ந்தேன். நாலாவது கடையில் 600. அங்கே ஒரு பாட்டி. பிளாஸ்டிக் கூடையில் இறாலை அள்ளி அப்படியே தராசில் வைத்தார். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைத் தாளைப் பார்த்துப் படித்தேன். “சங் ஹாய் டூ நோய் கா.” எடை போட்டுக் காட்டுங்கள் என்று அர்த்தம். பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். கூடையைத் தூக்கி நன்றாக உதறினார். வேறு ஒரு காலிக் கூடையைத் தராசில் வைத்துப் பொத்தானை அமுக்கிப் பூஜ்யம் காட்டினார். அப்புறம் இறாலை அதில் கொட்டி, தராசை என் பக்கம் திருப்பிவைத்தார். 420 கிராம், 252 பாட். கணவாய் 300 கிராம், 90. எதிர்க்கடையில் இறாலைச் சுடச் சொல்லி, கணவாயைப் பூண்டு போட்டு வறுக்கச் சொல்லி, இரண்டையும் நன்றாக வேகவைக்கச் சொன்னேன். அடுப்படி வாசலிலேயே நின்று என் இறால்தான் போகிறதா என்று பார்த்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சோறு, இளநீர், சமையல் கூலி எல்லாம் சேர்த்து அன்றைய செலவு மொத்தம் 632 பாட்.

கடல் அன்றைக்கு வற்றியிருந்தது. சேற்றில் படகுகள் சாய்ந்து கிடந்தன, பையன்கள் அதற்குள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது பாட்டி கடையை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வயிற்றைத் தடவிக்காட்டி, நல்லா இருந்ததா என்பது போல ஏதோ கேட்டார். “அரோய் கா”, ருசியாக இருந்தது என்றேன். அது தாளில் எழுதாத வார்த்தை, முதல் நாளே தானாகப் படிந்தது. மிச்சமிருந்த ஐஸை வாளியோடு தூக்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தராசைத் துணியில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.